சும்மா இருக்கிற நேரத்துக்கு என்ன விலை?

"வீட்டுல சும்மாதானே இருக்கே... ஏதாவது கைவேலை கத்துக்கிட்டு நாலு காசு பார்க்கலாமே!"

இந்த ஒரு வரியில் எத்தனை பொய் இருக்கிறது என்று எண்ணினால் தலை சுற்றும். "சும்மா" என்பது முதல் பொய். "நாலு காசு" என்பது இரண்டாவது. மூன்றாவது பொய் வாயால் சொல்லப்படுவதே இல்லை, உள்ளே ஒளிந்திருக்கிறது: பொருளைச் செய்து வைத்தால் வாங்க ஆள் தானாக வரும் என்பது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மேய வேண்டியிருக்கிறது.

எல்லாத் தெருவிலும் ஓர் அக்கா இருப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, பதினோரு மணிக்கு மேல் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து ஜிமிக்கி செய்கிறவர். பட்டு நூல் கண்டு, கம் பாட்டில், கல் பதித்த செயின், முத்து, கொக்கி எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். பீரோவின் அடித்தட்டில் இன்னொரு டப்பா இருக்கும். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசமாட்டார். அது விற்காத ஜிமிக்கிகள் கிடக்கும் டப்பா. பச்சை நூல் வெளிறி, கம் மஞ்சளாகி, போன வருஷ ஃபேஷனாகி, அப்படியே கிடக்கும்.

2010-களின் நடுவில் பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் தமிழ்நாடு முழுக்கக் காய்ச்சல் மாதிரி பரவின. அதற்கு முன்னும் பின்னுமாகக் காகிதச் சுருள் கம்மல், டெரகோட்டா செட், இப்போது ரெசின். பொருள்தான் மாறுகிறது. பாயும், பிஸ்கட் டின்னும், பீரோ அடித்தட்டு டப்பாவும் மாறவே இல்லை. ஏன்??

பொய் 1: "சும்மா"

2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சமையல், துவைத்தல், பெருக்குதல் மாதிரியான கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று அது சொன்னது. ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குக் குறைந்தது பத்தே நிமிடம்! ஆணுக்கு ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது என்பது தனிக் காமெடி :-)

கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அந்தக் கணக்கில் இல்லை, அவை தனித் தலைப்பு. இதெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்துக்குப் பெயர் "சும்மா" என்றால், ஆபீஸ் முடிந்து வருகிற ஆணின் சாயங்கால நேரத்துக்கும் அதே பெயர் வைக்க வேண்டும். "சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க, ஜிமிக்கி சுத்துங்களேன்" என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. அவருடையது ஓய்வு. இவருடையது மட்டும் சும்மா.

இது சொல் விளையாட்டு இல்லை. இந்தச் சொல்லில்தான் மொத்த வியாபாரமும் கவிழ்கிறது. நேரம் சும்மா கிடைப்பது என்று முடிவு கட்டிவிட்டால் அந்த நேரத்துக்கு விலை பூஜ்யம். பூஜ்யத்தை வைத்து விலை போட்டால் எந்த விலையும் லாபமாகத்தான் தெரியும்.

பொய் 2: "நாலு காசு"

சரி, கணக்குக்கு வரலாம். பி.காம் படிக்கிற கூட்டத்துக்குக் கணக்கு இல்லாமல் சண்டை போட்டால் மதிப்பில்லை.

ஒரு ஜோடி பட்டு நூல் ஜிமிக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் 40 ரூபாய். டப்பா, கவர் 15 ரூபாய். விற்பது 120 ரூபாய்க்கு, கூரியர் செலவு வாங்குகிறவர் தலையில். அக்காவின் நோட்டில் இது 65 ரூபாய் லாபம். வகுப்பு எடுக்கிற மேடத்தின் கணக்கிலும் 65 ரூபாய் லாபம். "நூறு ஜோடி வித்தா ஆறாயிரத்து ஐந்நூறு!" என்பார்.

இப்போது கடிகாரத்தைப் பக்கத்தில் வைக்கலாம். நூல் இழை பிசகாமல் சுற்றி, கல் ஒட்டி, கொக்கி மாட்ட ஒன்றரை மணி நேரம். நல்ல வெளிச்சம் பார்த்து போட்டோ எடுக்கக் கால் மணி. "இதே டிசைன்ல மெரூன் இருக்கா?", "வெயிட்டா இருக்குமா?", "லாஸ்ட் ரேட் சொல்லுங்க" ஆகியவற்றுக்குப் பதில் சொல்ல 20 நிமிடம். கூரியர் கடைக்குப் போய் வர 25 நிமிடம். ஆக மொத்தம் இரண்டரை மணி நேரம். 65-ஐ இரண்டரையால் வகுத்தால் மணிக்கு 26 ரூபாய்.

26 ரூபாய் என்பது எவ்வளவு? 2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று கணக்கு வைத்தால் மணிக்கு 42 ரூபாய். ஏரி தூர்வாருகிற வேலைக்கு அரசாங்கம் வைத்த கூலியை விட, விரல் நுனி தேய நுணுக்கமாகச் செய்த வேலைக்குக் குறைவு.

நிற்க. இது எல்லாமே விற்றால்தான். பத்து ஜோடி செய்து ஆறு ஜோடி விற்றால்? வரவு 720. பத்து ஜோடிக்கு மூலப்பொருள் 400, ஆறு ஜோடிக்கு டப்பா 90, செலவு 490. மிச்சம் 230 ரூபாய். உழைத்தது செய்ய 15 மணி, விற்க 6 மணி, ஆக 21 மணி நேரம். மணிக்கு 11 ரூபாய் கூடத் தேறவில்லை.

அந்த ஆறில் இரண்டு ஜோடியை நாத்தனார் எடுத்துக்கொண்டு "அப்புறம் தர்றேன்" என்று சொல்லியிருந்தால்? வரவு 480, செலவு 490. 21 மணி நேரம் உழைத்து, கையில் இருந்து 10 ரூபாய் போட்டு, ஊருக்கு ஜிமிக்கி போட்டு அழகு பார்த்தாயிற்று. இதற்குப் பெயர் தொழில் இல்லை, தர்மம்.

காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் "இம்ப்யூட்டட் காஸ்ட்" என்று ஒன்று வரும். பணமாகக் கையை விட்டுப் போகாவிட்டாலும், முடிவெடுக்கும்போது செலவாகவே கருத வேண்டியவை: சொந்தக் கட்டடத்தின் வாடகை, முதலாளியின் சொந்த உழைப்புக்கான சம்பளம், சொந்தப் பணத்தின் வட்டி. இதை இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதுகிற அதே பிள்ளைகள், கல்லூரி விழாவில் கைவினை நகை ஸ்டால் போட்டு, அன்றைய கல்லாவில் இருந்து பொருள் செலவை மட்டும் கழித்து "லாபம் 1,800 ரூபாய்" என்று போர்டில் எழுதுகிறார்கள். நாலு பேர் நாலு நாள் ராத்திரி கண்விழித்துச் செய்தது எந்தக் கணக்கிலும் இல்லை. படித்தவர்களே இப்படி என்றால் பிஸ்கட் டின் அக்காவைக் குறை சொல்ல எந்த முகம்?

இது புதுக் கதை இல்லை

ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நர்சாபூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அது பெரிய ஏற்றுமதித் தொழிலாகிவிட்டது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அந்தப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: உலகச் சந்தைக்குப் பொருள் செய்து கொடுக்கும் அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்று யாரும் பார்க்கவில்லை. ஏற்றுமதி செய்கிறவர்களும் பார்க்கவில்லை, வீட்டு ஆண்களும் பார்க்கவில்லை, பல நேரம் அந்தப் பெண்களே பார்க்கவில்லை. அவர்கள் "இல்லத்தரசிகள்", லேஸ் பின்னுவது "ஓய்வு நேர வேலை". அந்தப் பெயர் ஒட்டப்பட்டதால்தான் கூலி அவ்வளவு குறைவாக இருந்தும் கேள்வி எழவில்லை.

லேஸை எடுத்துவிட்டு ஜிமிக்கியை வைத்துப் படித்தால் ஒரு வரி கூட மாற்ற வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், நர்சாபூரில் உறிஞ்ச ஓர் ஏற்றுமதியாளர் இருந்தார். இங்கே அக்காவே முதலாளி, அக்காவே தொழிலாளி. முதலாளி அக்கா தொழிலாளி அக்காவுக்குக் கூலியே கொடுப்பதில்லை. கொடுமை என்னவென்றால், இதில் கொடி பிடிக்கவும் வழி கிடையாது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் தொழிலாளிகளே, மற்றவர்களுக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர், 1972-ல் அகமதாபாத்தில் 'சேவா' சங்கத்தைத் தொடங்கிய இளா பட். இந்தியப் பெண் போராடிப் பெற்றுத் தந்த அந்த ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

வகுப்பு எடுப்பவர்களின் வியாபாரம்

"ஒரே நாளில் நகை செய்யக் கற்று மாதம் 30 ஆயிரம் சம்பாதியுங்கள்" என்று போஸ்டர் அடிப்பவர்கள் மேல்தான் உண்மையான கோபம் வர வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் 20 பேர். எல்லோருக்கும் ஒரே டிசைன், ஒரே கிட், ஒரே கலர் காம்பினேஷன். மறுநாள் ஒரே ஊரில் 20 பேர் ஒரே ஜிமிக்கியை விற்க நிற்கிறார்கள். அடுத்த மாதம் இன்னும் 20. சந்தையில் வாங்குகிறவர் எண்ணிக்கை அப்படியே இருக்க, விற்கிறவர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் விலை என்ன ஆகும்? இது பிளஸ் ஒன் பொருளியல். முந்தாநாள் 150, நேற்று 120, இன்று "ஆஃபர், 99 மட்டும்".

இதில் நிச்சய லாபம் பார்ப்பவர் ஒருவர்தான். வகுப்புக் கட்டணம் முன்பணம். கிட் விற்பனை ரொக்கம். பாரிமுனை மொத்தக் கடையில் கிலோ கணக்கில் வாங்கி கிராம் கணக்கில் பிரித்து விற்கிற மார்ஜின் தனி. விற்காத ஜிமிக்கி அவர் பீரோவில் இல்லை, மாணவிகளின் பீரோக்களில் இருக்கிறது. கற்றுக்கொடுப்பது தப்பில்லை. கம்மல் கோக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு "தொழில் கற்றுக்கொடுத்தேன்" என்று சொல்வதுதான் தப்பு. விலை போடுவது, ஆர்டர் பிடிப்பது, கடன் சொல்கிறவரிடம் வசூல் செய்வது, இந்த மூன்றுக்கும் வகுப்பில் ஒரு பத்து நிமிடம் கூடக் கிடையாது. மகளிர் இதழ்களில் வருகிற வெற்றிக் கதைகளும் இப்படித்தான். வாழ்த்துகள், புகைப்படம், "கணவரின் ஒத்துழைப்பு" எல்லாம் இருக்கும். ஒரு ஜோடிக்கு எத்தனை மணி நேரம் என்ற ஒரு கேள்வி மட்டும் இருக்காது.

அரசாங்கப் பதிவுதான் தடை என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் இல்லை. மாநிலத்துக்குள் பொருள் விற்கும் சிறு வியாபாரிக்கு ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் 1 முதல், இணையச் சந்தை வழியாக மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கும் ஓர் எண் மட்டும் பெற்றுக்கொண்டால் இந்தச் சலுகை உண்டு. குறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதை எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரம் ரூபாய் கேட்கிறவரிடம் ஏமாறாமல் இருந்தால் போதும். முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். கதவுகள் திறந்துதான் கிடக்கின்றன. உள்ளே போய் யாரிடம் விற்பது என்பதுதான் கேள்வி.

பொய் 3: "வாங்க ஆள் வரும்"

முதல் மாதம் விற்பனை அமோகமாக இருக்கும். சித்தி, அத்தை, எதிர்வீட்டு ஆன்ட்டி, பழைய ஸ்கூல் தோழிகள். அக்கா புளகாங்கிதம் அடைந்து இரண்டாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கிப் போடுவார். இரண்டாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். ஏனென்றால் முதல் மாதம் வந்தது வாடிக்கையாளர்கள் இல்லை, மொய் எழுத வந்தவர்கள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு மொய்தான். வாராவாரம் யார் எழுதுவார்?

உறவுக்காரர் வாங்குவது முகத்துக்காக. வாடிக்கையாளர் வாங்குவது தேவைக்காக. இரண்டையும் குழப்பிக்கொள்கிற தொழில் மூன்றாம் மாதம் படுத்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 48 பேர் இருப்பதும், படத்துக்கு 300 பேர் இதயம் போடுவதும் சந்தை ஆகாது.

அப்படியானால் வாடிக்கையாளர் எங்கே? கடைத்தெரு தர முடியாத ஒன்று யாருக்குத் தேவையோ அங்கே.

நாகர்கோவில் வடசேரியைப் பாருங்கள். கோயில் நகை என்றால் அந்த ஊர்தான், புவிசார் குறியீடு வரை வாங்கியிருக்கிறது. சாமிக்குச் செய்த நகை பிறகு பரதநாட்டிய மேடைக்கு வந்தது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று ஒரு அரங்கேற்றத்துக்கு முழு செட் வேண்டும். சிவப்புக் கெம்புக்கல்லின் வரிசை தப்பினால் ஆடுகிறவருக்கே தெரியும். வாங்குகிறவர் யார், எதற்காக, எந்த மாதத்தில், எத்தனை உருப்படி என்பதெல்லாம் செய்கிறவருக்கு முன்பே தெரியும். அங்கே பொருள் ஆளைத் தேடி அலைவதில்லை, ஆள் பொருளைத் தேடி வடசேரிக்கு வருகிறார்.

எல்லோரும் வடசேரி ஆக முடியாது. ஆனால் அந்தப் பாடம் தெருமுனை அக்காவுக்கும் பொருந்தும். சில உதாரணங்கள்:

வளையல் அளவு. 2.4, 2.6, 2.8 என்று சொல்கிறார்களே, அது தசம எண் இல்லை. புள்ளிக்கு அப்புறம் வருவது அங்குலத்தில் பதினாறில் இத்தனை பங்கு. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. அதனால்தான் 2.10 என்பது 2.8-ஐ விடப் பெரியது! அந்த 2.10-ம் அதற்கு மேலும் வேண்டிய கைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. கடையில் கேட்டால் "அந்த சைஸ் வர்றதில்லம்மா" என்ற பதிலும், கூடவே ஒரு பார்வையும் கிடைக்கும். அந்தப் பார்வையில் இருந்து தப்பிக்க ஒரு பெண் கேட்ட விலை கொடுப்பார், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் வருவார்.

தையல்கடை. பட்டு பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவருக்கு அதே கலரில் செட் வேண்டும். மிச்சத் துணியும் நூல் கலரும் தையல்கார அக்காவிடம்தான் இருக்கின்றன. இருநூறு பேரிடம் போட்டோ காட்டுவதை விட இரண்டு தையல்கடைகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்வது மேல்.

வளைகாப்பு, நவராத்திரி கொலு. வந்தவர்களுக்கு வைத்துக் கொடுக்க முப்பது, ஐம்பது என்று மொத்தமாக வேண்டும். தேதி முன்கூட்டியே தெரியும். எண்ணிக்கையும் தெரியும்.

இந்த மூன்றாவதில்தான் கணக்கே தலைகீழாகிறது. அதே ஜிமிக்கி, அதே மணிக்கு 42 ரூபாய் கூலி. ஒவ்வொன்றாகச் செய்து, பத்தில் ஆறு விற்றால் ஒரு ஜோடியின் உண்மை அடக்கவிலை என்ன? பொருளும் டப்பாவும் 490, கூலி 21 மணிக்கு 882, மொத்தம் 1,372. ஆறால் வகுத்தால் 229 ரூபாய். 120-க்கு விற்றது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறதா?

இப்போது கொலுவுக்கு 30 ஜோடி ஆர்டர். மூலப்பொருள் 1,200. டப்பா 450. செய்ய 45 மணி நேரத்துக்குக் கூலி 1,890. பேசி முடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க மூன்று மணி நேரம், 126. மொத்தம் 3,666. ஒரு ஜோடிக்கு 122 ரூபாய். பீரோ டப்பாவுக்கு ஒன்றும் போகவில்லை. 150 ரூபாய் விலை வைத்தால் வரவு 4,500. கூலி போக லாபம் 834. பாதிப் பணம் முன்பணமாக வாங்கினால் 2,250 கைக்கு வருகிறது, பொருள் செலவு முழுக்க அதிலேயே அடங்கிவிடும். கைக்காசு ஒரு ரூபாய் போட வேண்டாம்.

229-க்கும் 122-க்கும் நடுவில் இருக்கிற 107 ரூபாய் நூலுக்கு இல்லை, கல்லுக்கு இல்லை, கைத்திறமைக்கும் இல்லை. அது முழுக்க முழுக்க, யாருக்கு என்று தெரியாமல் செய்ததற்கான அபராதம். வகுப்பில் சொல்லித் தர வேண்டியது இதை!

பேரம் பேசுகிற வீரர்கள்

அக்காவை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது யோக்கியம் இல்லை. வாங்குகிறவர்களின் லட்சணத்தையும் பேச வேண்டும்.

மாலில் ஒரு பிராண்ட் கம்மல் 599 என்றால் கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறோமே என்ற கூச்சம் யாருக்கும் இல்லை. காபிக்கு 250 கொடுக்கிறபோது பேரம் இல்லை. வீட்டில் இருந்து செய்கிற பெண் 150 என்றால் மட்டும் "என்னக்கா, வெறும் நூல்தானே, 80 போட்டுக்கோங்க". "ரங்கநாதன் தெருவுல 50 ரூபாய்க்கு இதே மாதிரி கிடைக்குது". கிடைக்கிறது, உண்மை. ராஜ்கோட்டில் இருந்தும் சீனாவில் இருந்தும் ஆயிரக்கணக்கில் வார்த்து வருகிற சரக்கு அது. அங்கேயே வாங்கிக்கொள்ளலாமே! பிளவுஸ் கலருக்குப் பொருத்தமாக, வெள்ளிக்கிழமைக்குள், காதுக்கு வெயிட் இல்லாமல், கொக்கி மாற்றி வேண்டும் என்றால் அது வேறு பொருள். அதன் விலையும் வேறு.

"ஃப்ரெண்டுதானே" என்று கிளாஸ்மேட்டிடம் ஓசியில் பிரேஸ்லெட் வாங்குகிறவர்களும் இதே கட்சிதான். நட்பு என்றால் முழு விலை கொடுத்து வாங்குவது. தள்ளுபடி கேட்க ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

மகளிர் குழுக்களின் பொருட்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து விற்கத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் "கல்லூரி சந்தை" நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. அங்கே போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு, பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்றுவிட்டு, பெண் முன்னேற்றம் பற்றிப் பேச்சுப் போட்டிக்குப் போகிற கூட்டத்தை என்ன சொல்ல...

இணையச் சந்தை காப்பாற்றுமா?

கைவினைப் பொருளுக்கென்றே 2005-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது எட்ஸி. கைத்தயாரிப்புக்கு மரியாதை தரும் இடம் என்று உலகமே கொண்டாடியது. 2013-ல் வெளித் தயாரிப்பாளர்களிடம் செய்து வாங்கி விற்கவும் அது அனுமதி கொடுத்தது. கமிஷன் 2018-ல் 3.5 சதவீதத்தில் இருந்து 5 சதவீதம் ஆனது, 2022 ஏப்ரல் 11 முதல் 6.5 சதவீதம். அதே நாளில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் கடையை ஒரு வாரத்துக்கு மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். கமிஷன் இறங்கவில்லை.

பாடம் எளிது. அடுத்தவன் திண்ணையில் கடை போட்டால் வாடகை அவன் சொல்வதுதான். இணையத்தில் விற்கலாம், விற்கவும் வேண்டும். ஆனால் வாங்கியவரின் பெயர், அளவு, பிடித்த கலர், அடுத்த விசேஷம் எப்போது என்பது அக்காவின் நோட்டில் இருக்க வேண்டும். அந்த நோட்டுதான் கடை. மற்றதெல்லாம் திண்ணை.

"மனசுக்குச் சந்தோஷமா இருக்கே!"

கடைசியாக ஒரு நியாயமான மறுப்பு வரும். "எல்லாத்துக்கும் காசு கணக்கு பார்க்கணுமா? வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்ணுக்குக் கையில் ஐந்நூறு ரூபாய் சொந்தமாக இருப்பதே பெரிசு. செய்கிறபோது ஒரு நிம்மதி."

உண்மை. வீட்டுக்காரரிடம் கேட்காமல் பிள்ளைக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுக்கிற அந்த ஐந்நூறின் அருமை, அதைக் கேட்டுக் கேட்டு வாங்கியவருக்குத்தான் தெரியும். சந்தோஷத்துக்காகச் செய்வதும் தப்பே இல்லை. கோலம் போடுவதற்கு யாரும் கூலி கேட்பதில்லை. ஆனால் கோலத்தை யாரும் தொழில் என்று சொல்லி ஏமாற்றுவதும் இல்லை. சந்தோஷம் என்றால் சந்தோஷம், தொழில் என்றால் தொழில். சந்தோஷத்தைக் கூலிக்குப் பதிலாகக் கொடுப்பதுதான் மோசடி. எந்த பேங்க் மேனேஜருக்காவது "வேலையில் நிம்மதி இருக்கிறதே, சம்பளம் எதற்கு" என்று சொல்லிப் பார்க்கட்டும்!

வெளியே போக முடியாததால்தான் எந்த விலைக்கும் சம்மதிக்கிறார் என்றால், அது அவருடைய மகிழ்ச்சி இல்லை, நெருக்கடி. நெருக்கடியைப் பார்த்து "பரவாயில்லையே, ஏதோ சம்பாதிக்கிறாளே" என்று கை தட்டுவது குரூரம்.

வீட்டில் இருந்தபடியே கௌரவமாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். 1959-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். அங்கே இன்றும் பெண்கள் மாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அப்பளம் இட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தேய்த்த அப்பளத்துக்குக் கூலி உண்டு. லாபத்தில் பங்கும் உண்டு. விற்பது தனி ஆள், தரம் பார்ப்பது தனி ஆள். தொடங்கிய ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்பளத்தில் என்ன பெரிய தொழில்நுட்பம்? ஒன்றுமில்லை. முதல் நாளில் இருந்தே யாரும் அங்கே "சும்மா" இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு தெருவில் ஐந்து பேர் ஐந்து பாயில் தனித்தனியாக ஒரே ஜிமிக்கியைச் செய்து ஒருவர் விலையை ஒருவர் அடித்துக்கொள்வதற்குப் பதிலாக, மூன்று பேர் செய்ய, ஒருவர் ஆர்டர் பிடிக்க, ஒருவர் கணக்கும் வசூலும் பார்த்தால் அதுவே ஒரு கம்பெனி. பி.காம் படிக்கிற பிள்ளை அந்தத் தெருவில் இருந்தால் கணக்குப் பார்ப்பதற்காவது படிப்பு உதவட்டும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அக்காவின் கணக்கு நோட்டில் நூல், கல், கம், கொக்கி என்று எழுதியிருக்கிற பட்டியலுக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும். "என் கூலி" என்று. அந்த வரியை எழுதிய பிறகும் விலை பழைய விலையாகவே இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கணக்கு தப்பு என்று சொல்பவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் "சும்மா" என்ற சொல்லை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, கடிகாரத்தோடு வரவும்.